பக்கத்துக் கட்டில்

மகன் ஈஸ்வருக்குச் சிறுநீரகம் கொடுக்கப் பூவாத்தாளுக்கு எல்லாப் பொருத்தமும் இருந்தது. ரத்த வகை சேர்ந்தது. சர்க்கரை இல்லை. இந்த வயதில் இப்படி ஓர் இருதயமா என்று டாக்டரே சிரித்தார். கடைசியாக ஆசனவாயில் பஞ்சுக் குச்சியை வைத்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஆபரேசனுக்கு முன்னால் எல்லோருக்கும் செய்வதுதான் என்றாள் நர்ஸ் நித்யஸ்ரீ. பூவாத்தாள் வெட்கத்தில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அந்தக் குச்சிதான் அவளைத் தள்ளி நிறுத்தியது.

“உங்க குடல்ல ஒரு கிருமி இருக்குதும்மா,” என்றார் டாக்டர். “பெரிய மருந்துக்கே அடங்காத கிருமி. உங்களை அது ஒண்ணும் செய்யலை. ஆனா கிட்னி வெச்சதும் ஈஸ்வருக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க மருந்து குடுப்போம். அப்ப இது அவருக்குள்ள போச்சுன்னா எங்களால நிறுத்த முடியாது.”

“எனக்கு ஒரு காய்ச்சல்கூட இல்லீங்களே.”

“இது நோய் இல்லைம்மா. சும்மா தங்கியிருக்குது.”

“மருந்து குடுத்து எடுத்துருங்க.”

“மருந்து குடுத்தா இன்னும் வலுத்துரும். தானாத்தான் போகணும். சில பேருக்குச் சில மாசத்துல போயிரும். ஈஸ்வருக்குச் சோதிச்சதுல இல்லை. அதனால அதுவரைக்கும் நீங்க அவரு பக்கத்துல வர வேண்டாம்.”

எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். ஆஸ்பத்திரியிலேயே ஒட்டியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவள் தலையாட்டினாள்.

அந்தச் சோதனைக்கு முன்பு, வார்டில் ஈஸ்வருக்குப் பக்கத்துக் கட்டிலில் கைலாசம் என்ற பெரியவர் கிடந்தார். துணைக்கு ஆள் இல்லை. அவருடைய மூத்திரப் பை நிரம்பித் தொங்கும்போதெல்லாம் ஈஸ்வர்தான், “அம்மா, அந்த அப்பாரோடதயும் ஊத்தியுட்டுட்டு வாம்மா, பாவம்” என்பான். போர்வெல் வண்டியில் வடக்கே சுற்றியவன் அவன். பாசை தெரியாத ஊரில் காய்ச்சலில் கிடந்தபோது யாரோ ஒருத்தி கஞ்சி ஊற்றினாளாம். அதை அடிக்கடி சொல்லுவான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று நித்யஸ்ரீ பெட்டியைக் காட்டினாள். ஒரு மனுசனுக்குச் செய்வதற்கு உறையா, அந்தப் பெரியவர் என்ன நினைப்பார் என்று பூவாத்தாள் வெறுங்கையால்தான் செய்தாள். செய்துவிட்டு முந்தானையில் துடைத்துக்கொள்வாள். கொஞ்ச நாளில் கைலாசம் இறந்துபோனார். கட்டிலுக்கு வேறு விரிப்பு வந்தது.

மகள் சுகன்யாவைச் சேலம் ஆஸ்பத்திரியில் ஈஸ்வருக்குத் துணையாக விட்டுவிட்டுப் பூவாத்தாள் சொந்த ஊரான புதுச்சத்திரம் போனாள். மகனோடு போனில்தான் பேச்சு.

“என்னம்மா, உன்ன ஊர உட்டு ஒதுக்கி வெச்சுட்டாங்களாமா?”

“ஆமா சாமி. சோறு தின்னியா?”

“சுகன்யா ஆக்குனதயா? அதுக்கு டயாலிசிஸே தேவலாம்.”

இருவரும் சிரித்தார்கள். பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தார்கள். சாலையில் லாரிகள் போகும் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். அவளுக்கு அவனுடைய மூச்சு கேட்டது. இருவர் நினைப்பிலும் கைலாசம் இருந்தார். யாரும் அந்தப் பெயரை எடுக்கவில்லை.

சோதனைக்குப் போனாள். கிருமி இருந்தது. மறுபடி போனாள். இருந்தது. எந்நேரமும் கையைக் கழுவினாள். கன்றுக்குட்டியைத் தொடவும் கூசினாள். உடம்பில் ஒரு வலியும் இல்லை. வலித்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒருவழியாக, அடுத்தடுத்து எடுத்த சோதனைகளில் கிருமி இல்லை என்று வந்தது. மாற்றுச் சேலைகளைப் பையில் திணித்துக்கொண்டு சேலம் பஸ் ஏறினாள்.

டாக்டர் அவளை உட்காரச் சொன்னார்.

“ஈஸ்வரோட இருதயம் ரொம்பத் தளர்ந்துருச்சும்மா. ஆபரேசன் தாங்க மாட்டாரு.”

“கொஞ்ச நாள் பொறுத்துச் செய்யலாங்களா?”

அவர் மேசையிலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். “நீங்க போய்க் கூட இருங்க. அவருகிட்ட மெதுவாச் சொல்லிக்கலாம்.”

“உறை போட்டுக்கணுங்களா?”

“கையை நல்லாக் கழுவிக்கோங்க. போதும்.”

குழாயடியில் வெகுநேரம் நின்றாள்.

ஈஸ்வரின் முகமும் காலும் வீங்கியிருந்தன. அவளைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தான். சுகன்யா முதுகுக்குத் தலையணையை வைத்துவிட்டு வெளியே போனாள்.

“சுத்தமாயிருச்சாம்மா?”

“ஆயிருச்சு சாமி.”

கிண்ணத்தில் உப்பில்லாத சோறு இருந்தது. அதைப் பிசைந்து, சின்னதாக உருட்டி ஊட்டினாள். அவன் உதடு அவள் விரலில் பட்டது.

“நான் ஊத்தச் சொல்லாம இருந்திருந்தா...”

“நீ சொல்லாட்டியும் ஊத்தியிருப்பேன். பேசாமத் தின்னு.”

அவன் அவளையே பார்த்தான். பக்கத்துக் கட்டிலை ஒரு முறை பார்த்தான். இத்தனை நாள் எதையோ இறுகப் பிடித்திருந்தவன் போல மெல்லத் தலையணையில் சாய்ந்தான்.

“அப்ப ஆபரேசன் எப்பம்மா? தேதி சொன்னாங்களா?”

அவள் அடுத்த வாயை வைத்தாள். அவன் மென்றான். கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்காமல், விழுங்கிவிட்டு மறுபடி கேட்பதற்காக மென்றான். அவன் விழுங்குவதற்குள் அடுத்த உருண்டை அவள் விரல்களில் தயாராக இருந்தது.