தஞ்சாவூர் போன நாள்

அரசப்பனிடம் இருந்தது சிவப்பு ஐ.சி. அவன் பெண்டாட்டி காளியம்மாளிடம் இருந்தது நீலம். மலேசியாவில் நீல அடையாள அட்டை வைத்திருப்பவர் அந்த நாட்டுப் பிரஜை. சிவப்பு வைத்திருப்பவர் அங்கே இருக்கலாம், உழைக்கலாம், அவ்வளவுதான். பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருவரும் அடுத்தடுத்த வரிசையில் பால் வெட்டிக்கொண்டு, ஒரே லயத்து வீட்டில் குடியிருந்த வரைக்கும் இந்த நிற வித்தியாசத்தை அவர்கள் பெரிதாக நினைக்கவில்லை.

அந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிதில் தோட்டத்து ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டார்கள். கொஞ்சம் மலாய் பேசிக் காட்ட வேண்டும். "நான் சொல்லித் தர்றேங்க, பெரிய வித்தையில்ல" என்று காளியம்மாள் எத்தனையோ தரம் சொன்னாள். அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். "எதுக்கு? நாலு காசு சேர்ந்தா ஊருக்குப் போயிடப் போறோம். அங்க கீழ்வேளூர்ல என்ன மலாயா பேசுறாங்க?" என்று அரசப்பன் சிரித்துவிட்டான்.

1969-ல் கோலாலம்பூரில் கலவரம் நடந்தது. அதற்குப் பிறகு சிவப்பு அட்டைக்காரர்கள் வேலைக்குப் பர்மிட் வாங்க வேண்டும் என்ற விதியைக் கெடுபிடியாக நடத்தத் தொடங்கினார்கள். அரசப்பனுக்குப் பர்மிட் கிடைக்கவில்லை. ஆறு மாதம் பெண்டாட்டி வெட்டிய பாலில் சாப்பிட்டான். அது அவனுக்குச் சகிக்கவில்லை. "ஊருக்குப் போயிடலாம்" என்றான். காளியம்மாள் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும், "நீங்க இருக்கற எடத்துலதானே நாங்களும்" என்று சொல்லி மகள் கண்ணாத்தாளைத் தன் பாஸ்போர்ட்டில் சேர்த்துக்கொண்டாள். நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கினபோது அவனை இந்தியன் என்று உடனே விட்டுவிட்டார்கள். அவளுக்கும் ஒன்பது வயது மகளுக்கும் தவணை போட்டுத்தான் தங்க அனுமதி கொடுத்தார்கள்.

காளியம்மாள் பார்க்கச் சீனப்பெண்ணாக இருந்தாள். சீனப்பெண்ணேதான். பெண்பிள்ளைகள் அதிகமாகிப்போன ஒரு சீனக் குடும்பம், பிறந்து சில வாரங்களில் அவளைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது. அந்த நாட்டில் அது புதுமையில்லை. வளர்த்தவர்கள் தங்கள் குலதெய்வத்தின் பெயரை வைத்தார்கள். மாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி எடுத்து, ரசம் வைத்து, ஒப்பாரி பாடி வளர்ந்தவள். ஆனால் பிறப்புப் பத்திரத்தில் அப்பன் பெயர் சீனப் பெயராக இருந்தது.

கீழ்வேளூருக்குத் தெற்கே சாத்தங்குறிச்சி என்ற கிராமத்தின் தெருவில் அவளைப் பார்க்க முதல் வாரம் முழுக்கக் கூட்டம். அவள் வாயைத் திறந்து தமிழ் பேசியதும் கூட்டம் அசந்துபோனது. அரசப்பனின் அண்ணன் ரெத்தினம்தான் எல்லோரையும் விரட்டினார். "என்ன கண்காட்சியா நடக்குது? என் தம்பி பொண்டாட்டி. போங்க, போய் வேலையைப் பாருங்க."

ரெத்தினம் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். கீழ்வெண்மணியில் குடிசையோடு மக்களை எரித்த காலத்துக்குப் பின் அந்த வட்டாரத்தில் எந்த அறுவடையும் அமைதியாக முடிந்ததில்லை. சங்கம் கூலி நெல்லை உயர்த்திக் கேட்கும். மிராசுதார்கள் வெளியூர் ஆளை இறக்குவார்கள். வரப்பில் கம்பும் அரிவாளுமாக நிற்பார்கள். சென்னையில் ஆட்சி நம்முடையது, குடியிருக்கும் மனை நமக்கே பட்டா ஆகப்போகிறது என்று மேடைகளில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தெருவில் அதைப் பாதி நம்பினார்கள்.

இந்தியனைக் கட்டிய பெண் இந்தியப் பிரஜையாகப் பதிந்துகொள்ளலாம் என்று யாரோ சொல்ல, 1971 தை மாதம் அரசப்பன் மனு கொடுக்கக் கிளம்பினான். அவனுக்குக் கச்சேரி, ஆபீஸ் என்றாலே பயம். "நான் வர்றேன்டா" என்று ரெத்தினம் கூடவே பஸ் ஏறினார். திருவாரூரில் மாறித் தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசுக்குப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. ரெத்தினம் வெளியே மரத்தடியில் கண்ணாத்தாளோடு உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே குமாஸ்தா மனுவைப் பார்த்தார், காளியம்மாளைப் பார்த்தார். "தமிழ் நல்லாப் பேசறியேம்மா!"

"எனக்கு வேற பேச்சு தெரியாதுங்க ஐயா. கொஞ்சம் மலாய் தெரியும்."

"சீன பாஷை?"

"ஒரு வார்த்தை தெரியாதுங்க."

அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. மனுவை வாங்கிக்கொண்டு, "போலீஸ் விசாரணை வரும். அப்புறம் மேல டெல்லிக்குப் போகும்" என்றார். வெளியே வந்ததும் ரெத்தினம் எல்லோரையும் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். கண்ணாத்தாளுக்கு ரவா தோசை வாங்கிக் கொடுத்து, அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை.

அவர்கள் இருட்டும் நேரத்தில் ஊர் திரும்பினபோது தெருவில் ஆண்கள் ஒருவரும் இல்லை. அன்று மத்தியானம் பண்ணையின் வயலில் வெளியூர் ஆட்களுக்கும் ஊர் ஆட்களுக்கும் அடிதடி. பண்ணைக் காரியக்காரர் மண்டை உடைந்து, திருவாரூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். முதலில் அடித்தது ரெத்தினம் என்று பண்ணை ஆட்கள் போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வாசலில் உட்கார்ந்து வேட்டியை உதறிக்கொண்டிருந்த ரெத்தினத்தைப் போலீஸ் அப்படியே வேனில் ஏற்றியது.

"நான் தஞ்சாவூர்ல இருந்தேங்க" என்றார் அவர். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சங்கத்து வக்கீல் தஞ்சாவூர் போய் விசாரித்தார். குமாஸ்தாவுக்குக் காளியம்மாளை நன்றாக ஞாபகம் இருந்தது. "அந்த மூஞ்சியை மறக்க முடியுமா சார்? ஆனா வெளியில யாரு உக்காந்திருந்தாங்கன்னு எனக்கென்ன தெரியும்?" வக்கீல் திரும்பி வந்து அரசப்பனிடம் சொன்னார்: "தம்பி சாட்சி சொன்னா, அண்ணனுக்காகப் பொய் சொல்றான்னுடுவாங்க. ஆனா உங்க சம்சாரம் அன்னிக்கு அங்க இருந்ததை ஆபீஸ்காரரே சொல்றாரு. அவங்க கூண்டுல ஏறி, கூட உங்க அண்ணனும் வந்தாருன்னு சொன்னா நிக்கும். ரெண்டு பேரும் வாங்க."

"நான் சொல்றேன்" என்றாள் காளியம்மாள். யோசிக்கவே இல்லை.

குடியுரிமை விசாரணைக்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்தது அதற்குப் பிறகுதான். காளியம்மாள் நடவுக்குப் போயிருந்தாள். அவர் சைக்கிளை விட்டு இறங்காமல் பேசினார். குரலை உயர்த்தவும் இல்லை.

"உன் பொண்டாட்டியைப் பத்தி நான்தான் ரிப்போர்ட் அனுப்பணும். சீனாக்காரன் நம்ம மேல படையெடுத்து பத்து வருஷம் ஆகல. ஒரு வரி மாத்தி எழுதினாப் போதும், அடுத்த கப்பல்ல ஏத்திருவாங்க. அவ கோர்ட்டுல கூண்டுல ஏறினா, எதிர்த் தரப்பு வக்கீல் முதல்ல கேக்கறது, நீ எந்த நாட்டுக்காரின்னுதான். தேவையா உனக்கு?"

"அண்ணன் எங்ககூடத்தானுங்க இருந்தாரு."

"நான் இல்லேன்னு சொல்லல. உனக்குக் குடும்பம் வேணுமா வேணாமான்னு கேக்கறேன்."

அரசப்பன் இதை யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். ரெத்தினம் ஜாமீனில் வந்து பக்கத்து வீட்டில்தான் இருந்தார். தினமும் பார்த்தார்கள், வாய்க்காலில் ஒன்றாகக் குளித்தார்கள். சொல்ல வேண்டும் என்று போய், வேறு ஏதாவது பேசிவிட்டு வந்தான்.

கேஸ் புரட்டாசியில் வந்தது. அதற்கு முதல் நாள் அரசப்பன், "வாய்தா தள்ளிப் போயிருச்சாம்" என்று காளியம்மாளிடம் சொன்னான். மறுநாள் விடியும் முன்பே அவளையும் மகளையும் வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போனான். கண்ணாத்தாள் கடலில் நனைந்து ஆடினாள். காளியம்மாள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றி, "மாமாவுக்குக் கேஸ் நல்லபடியா முடியணும்" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டாள். அரசப்பன் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

கோர்ட்டில் ரெத்தினம் சாயங்காலம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததாக வக்கீல் பிறகு சொன்னார்.

ஊர் திரும்பினபோது ரெத்தினத்தின் மனைவி ராமாயி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். "எங்க போயிருந்தே நீ?" என்றாள் காளியம்மாளைப் பார்த்து.

"வேளாங்கண்ணிக்கு அக்கா. கேஸ் தள்ளிப் போச்சுன்னாரு..."

காளியம்மாள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை. அப்புறம்தான், அந்தத் தெருவே கேட்க, சப்-இன்ஸ்பெக்டர் சொன்னதைச் சொன்னான். "உன்னை அனுப்பிருவாங்கன்னு பயந்துட்டேன்" என்றான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் அவள்.

ரெத்தினத்துக்கு இரண்டு வருடம் போட்டார்கள். திருச்சி ஜெயில். ராமாயி அரசப்பனோடு பேசுவதை விட்டுவிட்டாள். காளியம்மாளோடு பேசினாள். இரண்டு பெண்களும் சேர்ந்து நடவுக்குப் போனார்கள், சேர்ந்து ஜெயிலுக்கு மனுப் போட்டு ரெத்தினத்தைப் பார்க்கப் போனார்கள். காளியம்மாள் அரசப்பனுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். தானாக எதையும் பேசுவது நின்றுபோனது.

அடுத்த வைகாசியில் டெல்லியிலிருந்து பதில் வந்தது. மனு நிராகரிக்கப்பட்டது. காரணம் எழுதவில்லை.

அரசப்பன் ஸ்டேஷனுக்கு ஓடினான். சப்-இன்ஸ்பெக்டருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "நான் நல்லாத்தான்யா எழுதினேன். சொன்ன வாக்குத் தவறல. ஆனா எங்க ரிப்போர்ட்டை அங்க யாரு பார்த்தா? பொறப்புப் பத்திரத்துல அப்பன் சீனாக்காரன்னு இருக்குது. அது போதும் அவங்களுக்கு. நான் எப்படி எழுதியிருந்தாலும் இதேதான் வந்திருக்கும்."

அரசப்பன் கீழ்வேளூர் ரயில்வே கேட் வரைக்கும் நடந்து, ஒரு மைல் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான். அறுப்பு முடிந்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. இப்படி என்று முன்பே தெரிந்திருந்தால் என்று நினைக்கத் தொடங்கி, அந்த நினைப்பை முடிக்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பல் டிக்கெட் ஏஜெண்டாக இருந்த மீரா உசேனிடம் இருவரும் போனார்கள். மலேசியக் காகிதங்கள் எல்லாம் அவருக்கு அத்துபடி. பொறுமையாகச் சொன்னார்.

"இங்க மறுபடியும் மனுப் போடலாம். வருஷக்கணக்காகும். அதுக்குள்ள தங்க விட்ட தவணை முடியுது, பாஸ்போர்ட்டும் முடியுது. பாஸ்போர்ட் போச்சுன்னா அம்மா, நீங்க இந்த நாடும் இல்ல, அந்த நாடும் இல்ல. அதனால முடியறதுக்குள்ள திரும்பிப் போயிடறதுதான் நல்லது. அங்க உங்களை யாரும் கேக்க முடியாது, நீங்க பிரஜை."

"நான்?" என்றான் அரசப்பன்.

"திரும்பி வர்றதுக்கு வாங்கின அனுமதியைப் புதுப்பிச்சீங்களா?"

அவன் புதுப்பிக்கவில்லை. அப்படி ஒன்று புதுப்பிக்க வேண்டும் என்றே அவனுக்குத் தெரியாது.

"அப்ப சிவப்பு ஐ.சி. செல்லாதுங்க. விசிட் பாஸ்ல போகலாம். ஒரு மாசம், ரெண்டு மாசம் இருக்கலாம். வேலை செய்யக்கூடாது." மீரா உசேன் கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பொண்ணு விஷயம் வேற. அப்பா இந்தியர், மைனர் பொண்ணு. அவளை உங்க பேர்ல இங்கேயே பதிய வழி இருக்கு. யார்கிட்ட இருக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

வெளியே வந்ததும் காளியம்மாள் அத்தனை மாதத்துக்குப் பிறகு தானாகப் பேசினாள். "புள்ள என்கூட வரட்டுங்க."

அரசப்பன் தலையை ஆட்டினான்.

ஆடி மாதம் தாயும் மகளும் கப்பல் ஏறினார்கள். ராமாயி துறைமுகம் வரைக்கும் வந்து கண்ணாத்தாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அரசப்பன் மகளின் தலையைத் தடவிக்கொண்டே நின்றான். காளியம்மாள் புறப்படும்போது அவன் கையைப் பிடித்து, "உடம்பைப் பாத்துக்குங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான்.

ரெத்தினம் தண்டனை முடியும் முன்பே விடுதலையாகி வந்தார். வந்த அன்று தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார். அரசப்பன் போய், சுவரோரம் நின்றான். அண்ணன் ஆள் பாதியாகியிருந்தார்.

"உக்காரு" என்றார் ரெத்தினம். "ராமாயி எல்லாம் சொன்னா. எஸ்.ஐ. சொன்னதையும் சொன்னா. ஏன்டா, அன்னிக்கே என்கிட்ட வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படி அண்ணே சொல்றது?"

"எப்படின்னா, வாயாலதான். நானே வேணாம்னு சொல்லியிருப்பேனே. கண்ணாத்தா இங்க வளர்றதுக்கு நான் ரெண்டு வருஷம் உள்ள இருக்க மாட்டேனா? அந்த ரெண்டு வருஷத்தை நானாக் கொடுத்துட்டுப் போயிருந்தா எனக்குப் பாரம் தெரிஞ்சிருக்காது. நீ வரல, வரலன்னு வாசலைப் பார்த்துக்கிட்டு இருந்தேன் பாரு, அதுதான்டா."

அதன்பின் அவர் அதைப் பற்றி எப்போதும் பேசியதில்லை. அண்ணனும் தம்பியும் பழையபடி ஒன்றாக வேலைக்குப் போனார்கள். குடியிருப்பு மனைக்குப் பட்டா வந்தபோது, பந்தல் போட்டு மாலை மரியாதையோடு ஒரு மந்திரி கொடுத்தார். அரசப்பன் பேருக்கும் ஒன்று வந்தது. அவன் ராமாயியைக் கேட்டுக்கொண்டு, அந்த வீட்டைப் பூட்டிவிட்டு அண்ணன் வீட்டிலேயே படுத்துக்கொண்டான்.

பல வருடம் கழித்துக் கண்ணாத்தாளின் கல்யாணத்துக்கு விசிட் பாஸ் எடுத்துக்கொண்டு அரசப்பன் பினாங்கில் போய் இறங்கினான். மகள் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அப்பாவை எல்லோருக்கும் காட்டினாள். கல்யாணம் முடிந்து அவள் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு, தவணை முடியச் சில நாட்கள் இருந்தன. அவன் காளியம்மாளோடு தோட்டத்து லயத்தில் தங்கினான். அவள் ஊர் ஆட்களை ஒவ்வொருவராக விசாரித்தாள். ரெத்தினத்தைப் பற்றிக் கடைசியாகக் கேட்டாள்.

மறுநாள் விடிகாலை அவள் பால்வெட்டுக்குக் கிளம்பினாள். நரை கண்டிருந்தது, இடது காலைக் கொஞ்சம் தாங்கி நடந்தாள். அரசப்பனும் எழுந்து வாளிகளை எடுத்துக்கொண்டான். "நான் வர்றேன். பாலாவது தூக்கறேன்."

அவள் வாளிகளை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"விசிட்டுல வந்தவங்க வேலை செய்யக்கூடாதுங்க. தோட்டத்து ஆபீஸ் கிராணி பார்த்தா எழுதி அனுப்பிருவாரு" என்றாள். "சோறு மூடி வெச்சிருக்கேன். சாப்பிட்டுப் படுங்க."

மரங்களுக்கு நடுவே அவள் போவதை அவன் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.