வைக்கோல் நிறம்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. திருகோணமலை மீன் சந்தையில், ஒரு பாரை மீனின் தலைக்கு மேலே வைத்து என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி.

"இது ஆர் செஞ்சது?"

கேட்டவர் மீன் வெட்டும் முத்தலிப் நானா. 'இது' என்றது ஒரு கத்தியை. பதில் சொல்லவேண்டியவள் நான், தங்கேஸ்வரி. துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்த கதிரவேலின் மனைவி. அப்போது அவர் இறந்து ஒரு வருடம் ஆகவில்லை, ஆட்டைத் திவசம்கூட முடிந்திருக்கவில்லை.

பதில் ஒரு சொல்தான். அதன் முடிவில்தான் எல்லாத் தடுமாற்றமும். தொடங்கிப் பார்க்கிறேன்.

என் கணவர் கத்தி செய்தார்.

(சரிதான். ஆனால் நெருப்புக்குக் காற்று அடித்தது யார்?)

நானும் என் கணவரும் கத்தி செய்தோம்.

(இதை அவர் வாசித்தால் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பார்.)

நான் கத்தி செய்

(பொறு. இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.)

2

எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோயிருந்தது. எங்கள் குசினியில் இருந்த ஒரே இங்கிலீசுக் கத்தி பலாக்காய்க்குள் முறிந்தது. கடையில் வாங்கிய புதியது புடலங்காய்க்கே திணறியது. "நான் செய்யிறன்" என்றார் அவர். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன்.

துறைமுகத்து வேலைத்தலத்தில் கழித்துப்போட்ட பழைய அரங்களைக் கேட்டு வாங்கிவந்தார். நல்ல உருக்கு அதில்தான் இருக்கிறதாம். பாலையூற்றில் எங்கள் வீட்டுக் கோடியில் ஒரு குழி, அதில் சிரட்டைக்கரி. பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் சில்லில் ஒரு காற்றாடியைப் பூட்டினார். அவர் இரும்பைப் பிடிப்பார், நான் கையால் பெடலைச் சுற்றுவேன். "சைக்கிள் ஓடத் தெரியாதவ, இந்த சைக்கிளில கொழும்புக்குப் போய் வந்திருப்பா" என்பார்.

பக்கத்து வீட்டுக் கமலாதேவி அக்கா வேலிக்கு மேலால் கேட்டார்: "என்ன கதிரவேல், கவுண்மேந்து உத்தியோகக்காரர் இரும்படிக்கிறதோ?"

"அங்க எழுதுறது வயித்துக்கு அக்கா. இது எனக்கு."

இந்த ஒரு வசனத்துக்காகவே அவரைக் கதையில் எழுதலாம். ஆனால் எழுத எழுத அவர் நல்லவராகவே வருகிறார்; அது சந்தேகமாயிருக்கிறது. ஆகவே இதையும் எழுதுகிறேன்: பிழைத்துப்போன கத்தியை எறிந்துவிட்டு, இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் இருக்கக்கூடிய மனிதர். பிழை என்னுடையது போல.

3

கத்தி நல்லதா என்று யார் சொல்வது? முத்தலிப் நானா. சந்தையில் அவர் கத்தியைப் பற்றிச் சொன்னால் சொன்னதுதான். கிண்ணியாவிலிருந்து விடிய வருவார், மரக்குற்றிக்கு முன்னால் நிற்பார், வாயும் கத்தியும் ஒன்றாக ஓடும்.

"கிளாக்கர் ஐயா, இதால மீன் வெட்ட ஏலா. வேணுமெண்டா மீனைத் தடவிக் குடுக்கலாம்."

"கூர் இருக்குத்தானே, நானா?"

"இருந்திச்சி. பாரைட முள்ளக் கண்டதும் புதுப்பொண்ணு மாதிரித் தலையக் குனிஞ்சிட்டுது."

பார்த்தால் உண்மைதான். கத்தியின் வாய் விளிம்பு மடங்கியிருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரிக்க என் கணவரும் சிரித்தார். அன்று வீட்டில் மீனைத் தொடவில்லை.

"அந்தாள் ஒரு நாள் தன்ர கத்தியக் கீழ வெச்சிட்டு என்ர கத்திய எடுக்கோணும். வேற ஒண்டும் வேண்டாம் எனக்கு."

பிறகும் கொண்டுபோனார். பிறகும் பகிடி வாங்கிக்கொண்டு வந்தார்.

4

பிழை ஒரு சொல்லில் இருந்தது.

கத்தியைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தினால் அது கண்ணாடி போல இறுகும்; விழுந்தால் உடையும். ஆகவே மினுக்கிவிட்டு மறுபடி மெல்லச் சூடாக்கவேண்டும். அப்போது உருக்கின் மேல் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். எந்த நிறத்தில் நிறுத்துவது? பழைய பேப்பர்க் கடையில் அவர் வாங்கிய இங்கிலீசுப் புத்தகம் சொன்னது: வைக்கோல் நிறத்தில். பிந்தினால் உருக்கின் இறுக்கம் போய்க் கத்தி மெதுவாகிவிடும்.

ஒரு பின்னேரம் அவர் நிறுத்திய கத்தியைக் காட்டிக் கேட்டேன். "இது என்ன நிறம்?"

"வைக்கோல்."

"இது மாரியில நனைஞ்ச வைக்கோல். மாடும் தின்னாது."

"வைக்கோல் எண்டா வைக்கோல்தானே! எத்தினை வைக்கோல் இருக்கு?"

"தம்பலகாமத்தில வந்து கேளுங்கோ. சூடடிச்ச* அண்டைக்கு ஒரு நிறம். வெயில் குடிச்சா ஒண்டு. மழை பட்டா ஒண்டு."

அவர் நகரத்தில் பிறந்தவர். தம்பலகாமத்தில் என் தகப்பன் வீட்டுக்கு வந்ததெல்லாம் மார்கழி லீவில். அவர் கண்ட வைக்கோல் எல்லாம் மாரி மழையில் கறுத்துக் கபிலமானது. இவ்வளவு நாளும் மழை வைக்கோல் வருமட்டும் காத்திருந்து கத்திகளைக் கெடுத்திருக்கிறார்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப நீர் சொல்லும், எப்ப எண்டு."

* எங்கள் ஊரில் அறுத்துக் குவித்த நெற்கதிருக்குச் 'சூடு' என்று பெயர். அதை அடித்து நெல்லெடுப்பது சூடடிப்பது. நெருப்பின் சூட்டை நெல்லின் சூட்டைக் கொண்டு அளந்தவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சமில்லை, நிறைய.

(இந்த இடத்தில் என்னை மிகவும் கெட்டிக்காரியாக எழுதுகிறேன். உண்மையில் முதல்தரம் பார்த்துக்கொண்டே நின்று சொல்லப் பிந்திவிட்டேன். அவ்வளவு வடிவு, அந்த நிறங்கள். "வைக்கோல்காரிக்கும் வாயடைச்சுப் போச்சு" என்றார். அதே கத்தியைத் திரும்பச் சிவக்கக் காய்ச்சினோம்.)

இரண்டாம்தரம் அது வந்தது. களத்தில் அன்றைக்கு அடித்துப் போட்ட வைக்கோல், வெயிலே இன்னும் படாதது.

"இப்ப!"

தண்ணீரில் போட்டார். சீ என்றது.

5

அந்தக் கத்திக்குப் பிடி போடுவதற்கு முன் அவர்

இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன். நெஞ்சு வலி, கந்தோரில், கதிரையில் இருந்தபடி. அது போதும்.

கத்தி எண்ணெய்ச் சீலையில் சுற்றி அலுமாரியில் கிடந்தது. பிடியில்லாத கத்தி பிடிக்கிறவரைத்தான் வெட்டும். பல நாள் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். பிறகு ஒரு நாள் மூடவில்லை. பாலை மரத்துண்டு ஒன்று எடுத்தேன். அறுத்தேன், துளைத்தேன், பித்தளை ஆணி அறைந்தேன், அராவினேன். கல்லில் கூர் பிடித்தேன். முடிந்த பிறகு பிடித்துப் பார்த்தால் பிடி என் கைக்குப் பெரிது. என்னையறியாமல் அவருடைய கைக்குச் செதுக்கியிருக்கிறேன்.

மாற்றவில்லை. சந்தைக்குக் கொண்டுபோனேன்.

6

"வாங்க தங்கச்சி. ஐயா போனதுக்குப் பொறகு இந்தப் பக்கம் காணவே இல்ல."

நான் சீலையை அவிழ்த்துக் கத்தியை நீட்டினேன். முத்தலிப் நானா கையைப் பின்னுக்கு இழுத்தார்.

"கையில தராதீங்க. குத்தியில வைங்க. நமக்குள்ள என்னத்துக்குச் சண்டை?"

கத்தியைக் கையிலிருந்து கையில் கொடுப்பதில்லை. கொடுத்தால் பகை வரும். அவர் வீட்டிலும் அதுதான் வழக்கம், என் வீட்டிலும் அதுதான். பதற்றத்தில் மறந்துபோனேன். குற்றியில் வைத்தேன், பிடி அவர் பக்கம்.

அவர் தன் கத்தியைக் கீழே வைத்தார்.

வைத்துவிட்டு என்னுடையதை

வைத்துவிட்டு என் கணவருடையதை

வைத்துவிட்டு அந்தக் கத்தியை எடுத்தார். பிடி அவருடைய பெரிய கைக்குள் சரியாக இருந்தது. பாரையின் தலை ஒரே வெட்டில் போனது. நகத்தில் வைத்துக் கத்தியின் வாயைப் பார்த்தார். நடுமுள்ளில் போட்டார். மறுபடி பார்த்தார். கத்தி தலை குனியவில்லை.

"நானா, என்ர மீன்?" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"பொறுங்க மனுசா, மீன் ஓடவா போகுது?" என்றுவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயாட கத்தி எல்லாம் நான் கண்டவன். உண்மையச் சொல்லுங்க தங்கச்சி. இது ஆர் செஞ்சது?"

7

முடிவுகள் மூன்று.

'அவர் செய்தார்' என்றால், இறந்தவர் ஆசைப்பட்டது அந்தக் குற்றியிலேயே நிறைவேறும். சந்தை முழுக்க அவர் பெயர் கேட்கும். 'நான் செய்தேன்' என்றால், காற்றடித்தவளும் நிறம் சொன்னவளும் பிடி போட்டவளும் முதல்தரமாக வெளிச்சத்துக்கு வருவாள். 'செய்தோம்' என்றால் நியாயம். ஆனால் அப்படிச் சொல்ல இரண்டு பேர் வேண்டும், அங்கே நின்றது நான் ஒருத்தி.

நான் ஒன்றைச் சொன்னேன். கேட்டுவிட்டு முத்தலிப் நானா தலையாட்டினார். கத்தியைத் திருப்பித் தரவில்லை. போன வருடமும் அந்தக் கத்தியால்தான் வெட்டிக்கொண்டிருந்தார். தீட்டித் தீட்டி ஒடுங்கிப்போயிருந்தது, கூர் இருந்தது.

இப்போது பாலையூற்றிலும் அன்புவழிபுரத்திலும் சில குசினிகளில் நான் செய்த கத்திகள் இருக்கின்றன. அவற்றில் எனக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. அந்த ஒன்றில் மட்டும்தான்.

அதனால் அந்தச் சொல்லை அதன் முடிவுக்கு முன்னாலேயே நிறுத்தி வைக்கிறேன்: செய்த

கையில் தரமாட்டேன், நமக்குள் சண்டை வேண்டாம். இதோ, வைத்துவிட்டேன். எடுங்கள். பிடி உங்கள் பக்கம்.