பதினோராவது வளைவில் நிற்கும் இடம்

மலையேற்றக் கார்ப் பந்தயத்தில் செத்துப்போன ஐந்து பேருக்காக மோட்டார் கழகத்தார் ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். ஸ்டாப்வாட்ச் பிடித்தே பழகிய கைகள். நாற்பத்தொரு நொடியில் முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பேசியவர்களுக்குத்தான் யாரும் ஸ்டாப்வாட்ச் பிடிக்கவில்லை.

அது 1986 ஜனவரி. ஜூன் மாதம், ஏற்காட்டில் ஒரு லாட்ஜின் மாடியில், பாதுகாப்பு விசாரணைக் குழு கூடியது. குழு என்றால் கோதண்டராமன். மற்ற இரண்டு பேரும் கையெழுத்துப் போடவும் காப்பி நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் வந்தவர்கள். கோதண்டராமன் மதராஸில் ஓய்வு பெற்ற எஞ்சினீயர். வெளிநாட்டுப் பந்தயங்களின் விதிப் புத்தகங்களைத் தபாலில் வரவழைத்துப் படிப்பவர். மலைக்கு வந்தால் கம்பளிக் கோட்டுப் போட வேண்டும் என்பது அவர் தனக்குத்தானே விதித்துக்கொண்ட விதி. வியர்வையைத் துடைத்துக்கொண்டே அதைக் கடைப்பிடித்தார்.

அறிக்கையைத் தமிழில் எழுத, பக்கத்து எஸ்டேட்டிலிருந்து கணக்கு எழுதும் ரைட்டர் மாரிசாமியை இரவல் வாங்கியிருந்தார்கள். எழுதியதை இறந்தவர்களின் வீட்டாருக்கு வாசித்துக் காட்டி, ‘கேட்டேன், சரி’ என்று கைநாட்டு வாங்க வேண்டும். நான்கு கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்துவிட்டன. ஐந்தாவது, எஸ்டேட் லாரி கிளீனர் கருப்பண்ணனுடையது. செத்துப்போன பூவாயியின் புருஷன்.

கருப்பண்ணன் நாற்காலியில் உட்காரவில்லை. மாரிசாமி வாசித்தார்:

“பார்வையாளர்கள் எச்சரிக்கை உணர்வின்றி, தாமாகவே வளைவின் வெளிப்புறத்தில் சென்று நின்றதால் உயிர்ச்சேதம் நேர்ந்தது.”

“அப்படீன்னா என்னதுங்க?”

“பாத்து நிக்கலைன்னு அர்த்தம்ப்பா. விரலைக் குடு.”

கருப்பண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“அவ பாத்துத்தானுங்க நின்னா. அந்த வரிய எடுத்துப்போடுங்க, விரல் வெக்கிறேன்.”

“வரிய எடுக்க நான் யாருப்பா? நான் காப்பி வாங்கிக் குடுக்கவும் எழுதவும் வந்தவன்.”

அவனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. சொல்லிப் பழக்கம்தான் இல்லை. பதினெட்டு வருஷமாக லாரிக்குப் பின்னால் நின்று அவன் பேசியதெல்லாம் ‘வரலாம், வரலாம், போதும், ரைட்’; ரோட்டில் நடப்பவர்களிடம் ‘வெளியே நில்லு’. வீட்டில் பேச்சு பூவாயியுடையது. அவன் ‘ம்’ கொட்டுவான். இப்போது எஸ்டேட் லயன் வீட்டின் கதவைத் திறந்து உள்ளே போனால் ‘ம்’ கொட்டக்கூட ஒரு விஷயம் கிடையாது. அடுத்த வீட்டு மருதாயி ஆரம்பத்தில் குழம்பு கொண்டுவந்து வைத்தாள். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. சொல்லத் தெரியாமல், இனிமேல் வேண்டாம் என்றுவிட்டான்.

இந்த மலையில் நடந்து போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கொண்டை ஊசி வளைவில் வண்டிச் சத்தம் கேட்டால், தலைச்சுமையோடு அப்படியே வெளிப்பக்கம் போய்க் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றுகொள்வார்கள். வண்டியின் முகம் வெளிப்பக்கமாகப் போகும். அது டிரைவர் கண்ணுக்குத் தெரியும். வால் உள்பக்கத்தை அறுத்துக்கொண்டு வரும். அது யார் கண்ணுக்கும் தெரியாது. வளைவில் உள்பக்கம் நின்று பின்சக்கரத்தில் காலைக் கொடுத்தவர்கள் எஸ்டேட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். ஆகவே நடக்கப் பழகும் பிள்ளைக்கும் முதலில் சொல்வது இதுதான்: வெளியே நில்லு.

பந்தயக் காருக்கு வால் கிடையாது. இருந்தாலும் நீளம் போதாது. அது வேகம் தாங்காமல் வெளிப்பக்கமாகத்தான் எகிறும். இது மோட்டார் கழகத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் விருந்தினர் பந்தலை உள்பக்கம் போட்டு, அதற்கும் முன்னால் வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். எதிரே சுவர் ஓரமாக நாற்பது பேர் நிற்பதைப் பார்த்து, கூட்டம் நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள். ஏழாவதாக வந்த கார் அந்தச் சுவரை உடைத்துக்கொண்டு போனது. ஓட்டியவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பேப்பரில் அவர் படம் வந்தது.

மறுநாள் காலை, விதியை நேரில் விளக்குவதற்காகக் கோதண்டராமன், விபத்து நடந்த பதினோராவது வளைவுக்கு வந்தார். ஒரு புகைப்படக்காரர் வந்திருந்தார். கோதண்டராமன் வளைவின் உள்பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் நின்று குடையை ஊன்றிக்கொண்டார். உடைந்த சுவர் இருந்த இடத்தில் எதிரே காலித் தார் டிரம்கள் வெள்ளை அடித்து நின்றன.

கைநாட்டுக் கிடைக்காத காகிதத்தோடு மாரிசாமியும், அவர் பின்னால் கருப்பண்ணனும்.

“புத்தியுள்ள பார்வையாளன் நிற்கவேண்டிய இடம் இது,” என்றார் கோதண்டராமன். “பதினான்காம் விதி.”

“சாமி, அங்க நிக்காதீங்க. சேலத்து பஸ் வர்ற நேரமுங்க.”

“யாரய்யா இது?”

“கைநாட்டு வைக்காத ஆளுங்க,” என்றார் மாரிசாமி.

“இங்க பாருப்பா, இந்த விதி மூணு தேசத்துல அமல்ல இருக்கு.”

“அந்த மூணு தேசத்து பஸ்ஸுங்க இந்த ரோட்டுல வர்றதில்லீங்களே.”

புகைப்படக்காரர் சிரித்து, சிரித்ததை இருமலாக்கினார். அதற்குள் கீழ் வளைவில் ஹாரன் கேட்டது. பஸ் வந்தது. அதன் முகம் டிரம்களின் பக்கமாக ஒதுங்கிப் போனதைக் கோதண்டராமன் திருப்தியோடு பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுப்பகுதி அவர் பக்கமாகச் சாய்ந்து வர, பின்சக்கரம் சுண்ணாம்புக் குறியை நோக்கி நிதானமாக, உரிமையோடு ஏறி வந்தது. கருப்பண்ணன் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்து மண்மேட்டோடு அழுத்தினான். குடை சக்கரத்துக்கடியில் போனது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, “ஏனுங்க பெரியவரே, நிக்க வேற எடமே கெடைக்கலீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

கோதண்டராமன் தூசியைத் தட்டிக்கொண்டு வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒரு லாரியின் ஹாரன். அவர் யாரையும் கேட்கவில்லை. எந்த விதியையும் புரட்டவில்லை. வேட்டி கட்டியவர்போலக் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடி, எதிர்ப்பக்கம் டிரம்களுக்கு நடுவில் போய் நின்றுகொண்டார்.

லாரி போனது.

“அங்கதானுங்க பூவாயி நின்னா,” என்றான் கருப்பண்ணன்.

கோதண்டராமன் கீழே பார்த்தார். டிரம்களுக்கு அப்பால் சில்வர் ஓக் மரங்களின் உச்சிகள்தான் தெரிந்தன. பிறகு கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்.

“எழுதும்,” என்றார் மாரிசாமியிடம். “எச்சரிக்கை உணர்வின்றி என்பதை அடித்துவிடும். இந்த ரோட்டின் வழக்கப்படி, கவனமாகவே நின்றிருந்தார்கள். கழகம்தான் அவர்களுக்கு எதுவும் சொல்லவில்லை. அதையும் எழுதும்.”

“‘தாமாகவே’ன்னு ஒண்ணு இருக்குதுங்களே,” என்றான் கருப்பண்ணன்.

“அது இருந்தா என்னப்பா?”

“அவளா போகலீங்க. அவ பந்தலாண்ட, நெழல்ல நிக்கறேன்னுதான் சொன்னா. வளைவுல உள்ள நிக்காதே, நேரா செவுத்தாண்ட போய் நில்லுன்னு நாந்தானுங்க சொன்னேன். நான் அன்னிக்கு லாரியோட அடிவாரத்துல இருந்தேன்.”

மாரிசாமியின் பேனா நின்றது. “கருப்பண்ணா, இது எதுக்குப்பா அறிக்கையில? யாரும் கேக்கலை.”

“கேக்கலீங்கறதுக்காவ உட்டா, அவளா போயி நின்னதா ஆயிருமுங்க. எழுதுங்க. எம் பேரும் போடுங்க.”

எழுதினார். கருப்பண்ணன் அங்கேயே, ஒரு டிரம்மின் தலையில் காகிதத்தை வைத்து விரலைப் பதித்தான். மை கொஞ்சம் அதிகம். விரலைத் துடைக்க இடம் தேடி, கடைசியில் வேட்டியிலேயே துடைத்துக்கொண்டான்.

அறிக்கை ஆகஸ்டில் அச்சாகி வந்தது. அட்டையில் கோதண்டராமன் பெயர் அரைச் சாண் நீளம். உள்ளே இருபத்திரண்டு விதிகள். பார்வையாளர் எங்கே நிற்கவேண்டும் என்பதை அந்தந்த ரோட்டில் நடக்கிறவர்களைக் கேட்டு, பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பே அவர்களுக்குச் சொல்லி, வெளிவளைவைக் கயிறு கட்டி மூடவேண்டும் என்பது பதினான்காவது. நல்ல விதி. இந்த மலையில் அதற்கு வேலை வரவில்லை; பந்தயத்துக்கு அதற்குப் பிறகு அனுமதியே கிடைக்கவில்லை. கழகத்தார் வேறு மலை தேடிப் போனார்கள். கோதண்டராமன் எஸ்டேட் விலாசத்துக்கு ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பியிருந்தார். மாரிசாமி ஒன்பதாம் பக்கத்தை வாசித்துக் காட்டினார்.

‘பூவாயி என்பவர், அனுபவமுள்ள வாகன ஊழியரான தம் கணவர் கருப்பண்ணனின் சொற்படி, கவனத்துடன் நின்றிருந்தார்.’

“இன்னொருக்கா வாசிங்க.”

வாசித்தார். கருப்பண்ணன் “ம்” என்றான்.

அடுத்த நாள் காப்பி மூட்டைகளோடு லாரி இறங்கியது. பதினோராவது வளைவில், விறகுச் சுமையோடு இரண்டு பெண்கள் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தயங்கி நின்றார்கள். கருப்பண்ணன் குதித்து இறங்கினான். வெளியே நில்லு என்று பதினெட்டு வருஷமாகக் கத்திய இடம். வாய் திறந்தது; வார்த்தை வரவில்லை.

“என்னப்பா, வாயில கொழுக்கட்டையா? சொல்லித் தொலை!” என்று டிரைவர் பெரியசாமி கத்தினார்.

கருப்பண்ணன் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினான். பெண்கள் போய் நின்றார்கள். லாரி திரும்பி முடிகிற வரைக்கும் அவனும் போய் அவர்களுக்கு முன்னால், டிரம்களை ஒட்டி நின்றான். பிறகு லாரியின் பின்பலகையை இரண்டு முறை தட்டி, ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.