பந்தி எழும்பும் நேரம்

தன் பாத்திரக் கடையின் ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கிவிட்டு உள்ளே குனிந்து வந்த அய்யாதுரை, எவர்சில்வர் அண்டாக்களை நிறுத்துப் போடும் மேடைத் தராசில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். முள் ஆடி அடங்கி நூற்றேழு கிலோவில் நின்றது. இறங்கி, சட்டையையும் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி ஏறினார். நூற்றேழுதான். போன மாதம் நூற்றிரண்டு. சட்டைக்கு என்ன கனம் இருக்கப்போகிறது?

ஒன்பது மாதத்துக்கு முன்னால் இதே தராசு நூற்று ஐம்பத்திரண்டு காட்டியது. உஸ்மான் சாலையைக் குறுக்கே கடந்தாலே நெஞ்சு இரைத்த காலம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. பம்பாய்க்குக் கூட்டிப்போய், இரைப்பைக்கு நடுவே பின் அடித்து, மேலே ஒரு முட்டை அளவுக்கு மட்டும் இடம் விட்டுத் தைத்து அனுப்பினார்கள். ஆறு ஸ்பூனுக்கு மேல் போகக் கூடாது. ஒரு வாயை இருபத்தைந்து தடவை மெல்ல வேண்டும். சர்க்கரையைத் தொடவே கூடாது. தினம் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். அடைத்த பிறகும் திணித்தால் தையல் பிரியும், பிரிந்தால் இன்னொரு தடவை கத்தி வைக்க முடியாது, உங்கள் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னார்.

நடக்கத்தான் செய்தார். விடிந்தும் விடியாமலும் பனகல் பார்க்கில் ஆறு சுற்று. சுமையில்லாமல் நடப்பது முதலில் வெட்கமாக இருந்தது. பதினாறு வயதில் திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து, சிந்தாதிரிப்பேட்டை பாத்திர குடோனில் தலையில் அண்டாவை அடுக்கிக்கொண்டு நடந்தவர். அந்த நடைக்கு, போன இடத்தில் இறக்கினால் முடிவு உண்டு. இங்கே புறப்பட்ட மரத்தடிக்கே திரும்பத் திரும்ப வர வேண்டியிருந்தது. இறக்கி வைக்க ஒன்றுமில்லை, பசியைத் தவிர. அதுவும் இறங்கவில்லை.

வயிறு இட்லியை மறுத்தது. ஆட்டுக்கறியைத் திருப்பி அனுப்பியது. அல்வாவை மட்டும் அது மறுக்கவில்லை. ஊரிலிருந்து வந்த ஒருவர் கொடுத்த பொட்டலத்தை, ஆசைக்கு ஒரு விள்ளல் என்றுதான் பிரித்தார். நாக்கில் வைத்ததும் கரைந்து, தைத்த இடுக்கு வழியாக எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அடைக்கவும் இல்லை, நிறையவும் இல்லை. கால் கிலோ போன பிறகும் வயிறு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து ஆறாவது சுற்று முடிந்ததும் சட்டைப்பையில் ஒரு பொட்டலம் இருந்தது.

இன்று காலையில் மனைவி சண்முகவடிவு அவர் நடக்கப் போட்டுப்போன சட்டையைத் துவைக்க எடுத்தவள், பையை முகர்ந்து பார்த்தாள்.

“நெய் வாட அடிக்கி.”

“பார்க்குல பக்கத்துல ஒருத்தன் தின்னுக்கிட்டு இருந்தான்.”

“அவன் தின்னா ஒங்க பையில எப்பிடி ஒட்டும்? வயித்தத் தச்ச பம்பாய்க்காரன் வாயத் தைக்க மறந்துட்டானே.” சொல்லிவிட்டு அவளே சிரிக்கவில்லை. சட்டையைச் சுருட்டி மார்போடு பிடித்துக்கொண்டாள். “ராத்திரி ஒங்க மூக்குல வெரல வச்சி வச்சிப் பாத்துக்கிட்டுக் கெடந்தேனே ரெண்டு வருசம். மறுவடியும் கெடக்கச் சொல்லுதியளா?”

இன்று முதல் பொட்டலம் கிடையாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கடைக்கு வந்தார். தராசு அதற்கு மேல் ஒன்று சொன்னது.

பத்து மணிக்கு லாரி வந்தது. கடை வேலையாட்கள் பதினெட்டுப் பேரும் சரக்கு இறக்கினார்கள். அய்யாதுரை கல்லாவில் உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்கே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ஸ்பூன் கணக்கில் குடித்த கஞ்சி எங்கே போனதென்றே தெரியவில்லை. பன்னிரண்டுக்குப் பின்கட்டிலிருந்து மீன் குழம்பு கொதிக்கும் வாடை வந்தது. பித்தளைக் குடம் பார்க்க வந்த அம்மாளிடம் என்ன பேசினோம் என்பது அவருக்கு நினைவில் நிற்கவில்லை.

அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சிந்தாதிரிப்பேட்டையில் அவருக்கு வாய்த்த முதலாளி மாடியில் தின்றுவிட்டு, மிஞ்சிப்போன புளித்த சோற்றைக் கீழே அனுப்புகிறவர். தனக்கென்று ஒரு கடை வந்தால் வேலையாட்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து, அதே சோற்றைத் தின்பேன் என்று அய்யாதுரை அப்போது வைராக்கியம் வைத்தார். அப்படியே செய்தார். அதற்கு மரியாதையாக வேலையாட்கள் ஒன்று செய்தார்கள். முதலாளி கை வைத்த பிறகுதான் கை வைப்பார்கள். முதலாளி எழுந்தால் பந்தி எழும்பும். அவர் முக்கால் மணி நேரம் தின்ற காலத்தில் யாருக்கும் இதில் நட்டமில்லை. முதலாளி பெருக்கப் பெருக்க அவர்கள் வயிறும் நிறைந்தது. பம்பாயிலிருந்து வந்த முதல் நாள் ஐந்து நிமிடத்தில் எழுந்தார். அத்தனை பேரும் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்கள். “நீங்க தின்னுங்கல” என்று எத்தனை தரம் சொல்லியும் ஒருவரும் கேட்கவில்லை. மேஸ்திரி நல்லசிவம் கேட்கவும் விடவில்லை. “அண்ணாச்சி எந்திரிச்ச பெறவு உக்காந்து முழுங்குனா அது சோறா?” என்றார். அதிலிருந்து, தின்பது போல அரை மணி நேரம் சோற்றை அளைந்துகொண்டு உட்காரப் பழகியிருந்தார். எதிரே பதினெட்டு வாய்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டு.

இன்று உட்கார இரண்டு மணி ஆகிவிட்டது. வரிசையில் வியர்வை வாடை. எதிரில், கடைச் சரக்கை ஏற்றிப்போகும் மீன்பாடி வண்டி ஓட்டும் ஏகாம்பரம்.

“இன்னா அண்ணாச்சி, கை வெய்யி. வவுத்துல எலி ஓடிக்கினு கீது.”

அய்யாதுரை கை வைத்தார். முதல் வாயை இருபத்தைந்து எண்ணி மென்றார். இரண்டாவதைப் பன்னிரண்டு. புளியும் காரமும் நாக்கின் ஓரத்தில் ஏறியதும் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மூன்று, நான்கு, ஐந்து என்று உள்ளே தள்ளினார். கையை அவர் தூக்கவில்லை, அது தானாக ஏறி இறங்கியது. ஆறாவது வாய் நெஞ்சுக்குள் பாதியில் நின்றது.

கல் விழுந்த மாதிரி இருந்தது. வாயில் எச்சில் நூலாகச் சுரந்தது. கண்ணில் நீர். எழ வேண்டும். வரிசையைப் பார்த்தார். காலையிலிருந்து சுமந்தவர்கள், இப்போதுதான் இரண்டாவது சோறு கேட்டுத் தட்டை நீட்டுகிறார்கள். சம்மணத்தை இறுக்கிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டு உட்கார்ந்திருந்தார். முதுகில் வியர்வை வழிந்தது. இன்னும் ஐந்து நிமிடம். தையல் பிரிவது எப்படி இருக்கும், வலிக்குமா, சத்தம் கேட்குமா என்று யோசித்தார்.

“அண்ணாச்சி, மூஞ்சி வெளுத்துப் பூட்சே!” என்றான் ஏகாம்பரம்.

அய்யாதுரை எழுந்தார். பதினெட்டுப் பேரும் எழுந்தார்கள்.

குழாயடியில் குனிந்து எல்லாவற்றையும் கக்கினார். சோறு மெல்லாத பருக்கையாகவே வந்தது. இரத்தம் இருக்கிறதா என்று விரலால் கிளறிப் பார்த்தார். சிவப்பாகத் தெரிந்தது மிளகாயா என்று விளங்கவில்லை. நல்லசிவம் பின்னால் வந்து முதுகைத் தடவினார்.

“மெள்ள, அண்ணாச்சி.”

“அவனுவள சாப்புடச் சொல்லும்வே.”

“நீங்க இல்லாம எப்பிடி உக்காருவானுவ?”

“நாஞ் செத்தா என்னவே செய்வானுவ?”

நல்லசிவத்தின் கை முதுகில் அப்படியே நின்றது.

அய்யாதுரை வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்தார். குழம்பு காய்ந்த எச்சில் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சுவரோரமாக நின்றிருந்தார்கள். தட்டுகளின் மேல் ஈ உட்கார ஆரம்பித்திருந்தது. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தன் இடத்தில் உட்கார்ந்தார். வரிசை முழுக்க மடமடவென்று முழங்கால்கள் மடங்கின.

வயிறு இப்போது காலியாக இருந்தது. கல் போய்விட்டது. அந்த இடத்தில், காலையில் இருந்ததைவிடப் பெரிதாகப் பசி வந்து உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்த்தது. தட்டில் பாதி வஞ்சிரத் துண்டு தொடாமல் கிடந்தது.

அவர் விரல்கள் சோற்றில் பட்டன. பதினெட்டுத் தலைகள் குனிந்தன. பதினெட்டுக் கைகள் ஒன்றாக இறங்கின. அந்தச் சத்தத்துக்கு நடுவே, யாரும் பார்க்காத நேரத்தில், அய்யாதுரையின் விரல்கள் முள்ளை ஒதுக்கிவிட்டு, வெள்ளைச் சதையை மெல்ல மெல்லப் பிய்த்துச் சோற்றோடு சேர்த்துப் பிசைய ஆரம்பித்தன.