கரியனின் பல் பட்டவர்கள்

குணசேகரன் செருப்பைக்கூடக் கழற்றாமல் படிப்பகத்துக்குள் வந்தபோது சங்கமித்ரா தன் கதையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பாதியைத் தாண்டியிருந்தாள். ஒற்றைக்கால் கொக்கு புகை நாட்டின் எல்லையில் நின்று வேவு பார்த்துக்கொண்டிருந்தது. பாயில் இருந்த ஒன்பது பிள்ளைகளும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

குணசேகரன் மாநகராட்சிக் குப்பை லாரியில் போகிறவர். தினமும் ஏழரை மணிக்கு வாசலில் நின்று மகள் அம்முவைக் கூட்டிக்கொண்டு போவார். உள்ளே வந்ததே இல்லை. இன்று மணி ஆறரைகூட ஆகவில்லை.

"அசோகன் பூட்டான்மா," என்றார்.

"எந்த அசோகன்ணா?"

"என்கூட லாரில வர்றவன்தான். காத்தால ஆஸ்பத்திரில பூட்டான். நாய் கடிச்ச வெறி. தண்ணி கிளாச காட்டுனா அலர்றான்மா, ஆம்பள." கழுத்துத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நம்ம அடிபம்பாண்ட ஒரு கறுப்பு நாய் படுத்துகினு இருக்குமே, பாதி காது இல்லாதது, அதான் கடிச்சிது. இருவத்தஞ்சு நாளாவுது. சுண்ணாம்பு வெச்சா சரியாப் பூடும்னு சும்மா இருந்துட்டான். இந்தப் பசங்க அத்தோடதான எந்நேரமும் கெடந்துச்சுங்க? யாருக்குனா பல்லு பட்டுக்கீதான்னு கேளு. இப்பவே ஊசி போட்டா பொழச்சிக்கலாமாம். நோவு வந்துட்டா ஒன்னியும் பண்ண முடியாதுன்றாரு டாக்டரு."

சங்கமித்ரா பிள்ளைகளைப் பார்த்தாள். ஒருவர்கூடப் பயப்படவில்லை. ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். அம்மு இடது கையை மெதுவாகப் பாவாடைக்கு அடியில் நகர்த்தினாள். அந்த நகர்த்தலில் ஒரு பெருமை இருந்தது.

அந்தக் கறுப்பு நாய்தான் அவள் நாவலின் கதாநாயகன், கரியன். கொடுங்கையூர்க் குப்பைமேட்டை ஆளும் ராஜா. பெருச்சாளி அவனுக்கு மந்திரி, எருமைக் கன்று காவல், கொக்கு ஒற்றன். எதிரியின் பெயர் புகையன். குப்பை எரியும் புகையிலிருந்து எழுந்து வருகிறவன். பகலில் ராயபுரத்தில் இறால் உரித்துவிட்டு, மாலையில் இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, மிஞ்சிய நேரத்தில் அவள் அதை எழுதினாள். சனிக்கிழமைக்கு ஒரு அத்தியாயம். நன்றாக இருக்கிறதா என்று அவளுக்கு ஒருநாளும் நிச்சயமாகத் தெரிந்ததில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் ஒற்றைக்காலோடு இருந்த கொக்கு மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டு காலால் நடந்தது என்று அறிவு கண்டுபிடித்துச் சொன்ன நாளிலிருந்து, நோட்டின் வலப்பக்கம் கதையையும் இடப்பக்கம் அந்த ராஜ்யத்தின் சட்டங்களையும் எழுதிவந்தாள். வரிசை எண் போட்டு, சிவப்பு மையில்.

ஏழாவது சட்டம்: கரியன் தன் படையில் சேர்ப்பவர்களைப் பல்லால் தொடுவான். எட்டாவது: பல் பட்டதைப் பல் பட்டவரிடம் மட்டுமே சொல்லலாம், மற்றவரிடம் சொன்னால் புகையன் தொண்டைக்குள் இறங்குவான். ஒன்பதாவது: புகையன் யாருடைய குரலிலும் பேசுவான், அம்மாவின் குரலில்கூட.

அத்தியாயத்தை முடிக்க ஒரு ரகசியம் தேவைப்பட்டது, எட்டாவதை எழுதினாள். ஒன்பதாவது தோன்றிய அன்று அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் நாய் காணாமல் போனது. கரியன் எங்கே என்று பிள்ளைகள் நச்சரித்தபோது, புகை நாட்டுக்குப் போருக்குப் போயிருக்கிறான் என்று எழுதிவிட்டாள்.

"யாரையாச்சும் கடிச்சுதா?" என்று கேட்டாள்.

பிள்ளைகள் பாயின் ஓரத்தைப் பிய்த்தார்கள்.

"சொல்லுங்கடா. அடிக்க மாட்டேன்."

"சொல்லித் தொலைங்களேன்!" என்று குணசேகரன் கத்தினார். "தொப்புள சுத்திப் பதினாலு ஊசிதான். உயிரா பூடும்?"

அவ்வளவுதான். முதல் ஊசியிலேயே ஒன்பது வாய்களும் தைக்கப்பட்டதுபோல் ஆயிற்று. தமீம் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டான்.

சங்கமித்ரா அவரை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். கதையால் வந்ததைக் கதையாலேயே எடுக்க முடியும் என்று நினைத்தாள். நோட்டை விரித்து, வாசிப்பதுபோல் சொன்னாள்: "அப்போது போர்க்களத்திலிருந்து கரியனின் ஆணை வந்தது. பல் பட்ட வீரர்கள் அனைவரும் எழுந்து நிற்க வேண்டும்."

ஒருவரும் எழவில்லை. ஒன்பது வயது அறிவு தலையை ஆட்டினான், கணக்கைத் தப்பாகப் போட்டவளைப் பார்ப்பதுபோல.

"அது கரியன் இல்லக்கா. புகையன் குரலு. அவன் அப்டிதான் வருவான்னு நீதான சொன்ன?"

"கரியன் செத்துட்டான்டா."

"அஞ்சாவது அத்தியாயத்துலயும் செத்துட்டான்னுதான் சொன்ன. அப்பால சாக்கடை வழியா வந்தான்ல?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எத்தனை கவனமாகக் கட்டியிருந்தாள்! எந்தப் பக்கம் தட்டினாலும் அவள் கையாலேயே அடித்த ஆணி.

ஒவ்வொருவராக இழுத்துச் சட்டையைக் கழற்றிப் பார்க்கலாம். ஆனால் மேடும் பள்ளமும் கண்ணாடிச் சில்லுமாக ஓடியாடும் பிள்ளைகள். யார் உடம்பில்தான் வடு இல்லை? எது பல், எது தகரம் என்று இருபத்தைந்து நாளுக்குப் பிறகு யார் சொல்வது? அவர்கள் வாயால் வந்தாக வேண்டும். இடப்பக்கத்துச் சிவப்பு மையை மறுபடி படித்தாள். எட்டாவது சட்டத்தில் ஒரு வாசல் இருந்தது.

அறிவின் ஜாமெட்ரி பாக்சிலிருந்து டிவைடரை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போனாள். இரண்டு முள்ளையும் ஒரு விரல் அகலத்துக்கு விரித்து முன்கையில் வைத்தாள். முதல் தடவை பயந்துகொண்டு குத்தியதில் தோல்கூடப் பெயரவில்லை. இரண்டாம் தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

வெளியே வந்து துப்பட்டாவை விலக்கிக் காட்டினாள். "எனக்கும் பட்டுச்சு."

பாயில் ஒரு சலசலப்பு ஓடியது. அறிவு எழுந்து வந்து கையைப் பிடித்து முகர்ந்துவிடுவதுபோல் குனிந்து பார்த்தான்.

"ரத்தம் வருதே?"

"சொறிஞ்சிட்டேன்."

"இவ்ளோ நேரம் ஏன் சொல்லல?"

"குணசேகரன் அண்ணா இருந்தாருல்ல? அவருக்குப் பல்லு படலையே."

அறிவு யோசித்தான். சட்டப்படி சரியாகத்தான் இருந்தது. அவன் கால்சட்டையைச் சுருட்டிக் கெண்டைக்காலைக் காட்டினான். அம்மு மணிக்கட்டை நீட்டினாள். மளிகைக்கடை மாசானத்தின் மகள் மகிமா கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தாள். "அக்காவும் நம்ம படைடீ!" என்று அம்மு கத்த, மூவரும் வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். தமீம் மட்டும் பொங்கிப் பொங்கி அழுதான். "நான் பன்னு குடுத்தேன், பொறையும் குடுத்தேன். வாய்க்குள்ள கையே வெச்சேன். எனக்கு மட்டும் பல்லே வெக்கல அது!"

"வேற யாருக்கு?" சங்கமித்ரா மூன்று பெயரை எழுதியிருந்தாள்.

"எங்க ஜெபின்தான்," என்றாள் மகிமா. "அவனுக்குத்தான் எல்லாருக்கும் முந்தி. கரியனுக்கு முத்தம் குடுக்கப் போனான், உதட்டுலயே பட்டுச்சு. அதனால அவன்தான் தளபதி."

ஜெபின் மகிமாவின் தம்பி. ஏழு வயது. இரண்டு நாளாக வகுப்புக்கு வரவில்லை.

"நாம எல்லாரும் ஊசி போட்டுக்கணும்," என்று சங்கமித்ரா அவசரமாகச் சொன்னாள். "ஊசி போட்ட வீரருங்ககிட்ட புகையன் அண்ட மாட்டான். புதுச் சட்டம்."

"நீயும் போட்டுப்பியா?" என்றாள் அம்மு.

"போட்டுப்பேன்."

"பதினாலுமா?"

"பதினாலும்."

கதவைத் திறந்து குணசேகரனிடம் சொன்னபோது அவர் கை மகளை அடிக்க ஓங்கியது. ஓங்கியபடியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதே கையால் அம்முவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் அறிவைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவைத் தேடி ஓடினார்.

மகிமாவை இழுத்துக்கொண்டு சங்கமித்ரா முனையில் இருந்த கடைக்குப் போனாள். மாசானம் யாருக்கோ துவரம் பருப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். பயலப் பாக்க வந்தியளோ? உள்ளதான் கெடக்கான். காய்ச்சல். தொண்டைப்புண்ணுன்னு மாத்திரை குடுத்திருக்காவ. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள எறங்க மாட்டேங்கு."

சங்கமித்ரா அவரைத் தாண்டிக் கடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் போனாள். ஜன்னலில் போர்வை கட்டியிருந்தது. ஜெபினின் அம்மா ஞானபாக்கியம் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தாள்.

"ஃபேன் போடலையாக்கா?"

"போட்டா கத்துதான் டீச்சர். காத்து மூஞ்சில பட்டாலே பதறுதான். இப்படியும் ஒரு காய்ச்சல் உண்டுமா?"

"அந்த உதட்டுக் காயம்?"

"அது ஆறி எவ்வளவு நாளாச்சு! இரும்பு கேட்டுல இடிச்சிட்டேன்னான். மஞ்சப் பத்துப் போட்டேன்."

ஜெபின் கண்ணைத் திறந்தான். அவளைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தான். கடைவாயில் எச்சில் நூலாகத் தொங்கியது.

"நான் யார்ட்டயும் சொல்லலக்கா," என்றான். "அம்மாட்டகூடச் சொல்லல. அப்புறம் ஏன் புகையன் என் தொண்டைக்குள்ள வந்தான்?"

அவள் பாயின் ஓரத்தில் மண்டியிட்டாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் குற்றவாளியைப்போல் விழித்துக்கொண்டிருந்த அந்த முகத்துக்கு முன்னால் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"அது புகையன் இல்லடா கண்ணு. புகையன்னு ஒருத்தனே கெடையாது. அக்காதான் சும்மா எழுதுனேன். நீ எந்தத் தப்பும் பண்ணல."

ஜெபின் அவளையே உற்றுப் பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"அம்மா, இது அக்கா இல்ல!" என்று அலறினான். "அக்கா மாதிரி பேசுதான்! புகையன்! வெளிய போகச் சொல்லு, வெளிய போகச் சொல்லு!"

அவன் கால்கள் வெட்டி இழுத்தன. ஞானபாக்கியம் அவனை அள்ளிக்கொண்டு அவளைப் பார்த்தாள், ஒன்றும் விளங்காமல். சங்கமித்ரா வெளியே வந்தாள். கடை வாசலில் நின்று, நாய் கடித்திருக்கிறது என்று மாசானத்திடம் சொன்னாள். அவர் மடித்துக்கொண்டிருந்த பொட்டலம் பிரிந்து பருப்பு கல்லாவெல்லாம் ஓடியது.

மூன்றாம் நாள் ஜெபின் இறந்தான். காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. சங்கமித்ரா சுவருக்கு வெளியே நின்றிருந்தாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி ஊசி அறை வரிசையில் அம்முவும் அறிவும் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். ஒவ்வொரு நாளும் அவள்தான் முதலில் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் நாளே அறிவு வைத்த நிபந்தனை அது. இதற்குள் அவள் தொப்புளைச் சுற்றி மூன்று இடங்கள் கன்றிப்போய்ச் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தன. மாசானம் மகிமாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சவரம் செய்யாத முகம். அந்தச் சமயத்திலும் அவளைப் பார்த்துக் கைகுவித்தார்.

"நீங்க அன்னைக்கு ஓடி வரலைன்னா இவளும் போயிருப்பா டீச்சர். ஆண்டவர்தான் உங்கள அனுப்புனாரு."

இரவெல்லாம் அவள் அவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதிப் பார்த்திருந்தாள். நான்கு தடவை அடித்துத் திருத்தி எழுதியிருந்தாள். "அண்ணாச்சி, அந்தப் பிள்ளைங்க சொல்லாம இருந்ததுக்குக் காரணம்…" என்று ஆரம்பித்தாள்.

மகிமா அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுது தடித்த கண்கள். அவளுக்கு இன்னும் பதினொரு ஊசி பாக்கி இருந்தது. அம்முவுக்கும் அறிவுக்கும் அப்படியே.

சங்கமித்ரா வாக்கியத்தை முடிக்கவில்லை. மாசானமும் கேட்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார்.

வரிசை நகர்ந்தது. மகிமா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். முன்கையில் அந்த இரண்டு புள்ளியும் காய்ந்து பொருக்கு உதிர்ந்துகொண்டிருந்தன. தன் கட்டைவிரலை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கட்டைவிரலில் தசை கிழிந்து கோணலாக ஆறியிருந்தது.

"அக்கா," என்றாள் மெதுவாக, "உன்னய நெசமாவே கடிச்சுதா?"

உள்ளேயிருந்து நர்ஸ் ரோஸ்மேரி, "அடுத்தது யாரும்மா? வயித்தக் காட்டிகினு வா," என்று குரல் கொடுத்தாள். அறிவும் அம்முவும் பேச்சை நிறுத்திவிட்டு சங்கமித்ராவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கடிச்சுது," என்றாள் சங்கமித்ரா. துணியை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.