இரட்டை மணி

கடல்தாண்டி அக்கரைச் சீமையில் நகராட்சி டிராம் மேனேஜராக இருந்தவர் பிச்சையா. ஒற்றை மணி அடித்தால் வண்டி நிற்கும். இரட்டை மணிக்குப் புறப்படும். இரட்டை மணிக்குப் பின் யாருக்காகவும் நிற்கக் கூடாதென்று அவர் போட்ட உத்தரவால், ஓடிவந்த பெண்ணொருத்தி சக்கரத்தில் விழுந்து செத்தாள். ஓய்வுபெற்றுச் சங்கரன்கோவிலுக்கு வந்த பின்னும், கோமதியம்மன் சந்நிதியில் மணி அடித்தால் அவருக்கு அவள் ஓடிவரும் காலடிதான் கேட்கும்.

அன்று திருவேங்கடம் போகும் பஸ்ஸில் கண்டக்டர் இரட்டை மணி அடித்ததும் அதே காலடி கேட்டது. திரும்பிப் பார்த்தார். கைக்குழந்தையோடு ஒருத்தி நிஜமாகவே ஓடிவந்தாள். எட்டி மணிக்கயிற்றை ஒருமுறை இழுத்தார். பஸ் நின்றது.

"ஏன் அண்ணாச்சி, பஸ்ஸு உம்ம வீட்டு மாட்டுவண்டியா?" என்றார் கண்டக்டர்.

"பிள்ளைக்காரி வாரா. நிக்கட்டும் வே."

அவள் ஏறி, மூச்சுவாங்க அவரைப் பார்த்துச் சிரித்தாள். மறுபடி இரட்டை மணி அடித்தது. பிச்சையா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலடி எதுவும் கேட்கவில்லை.