விண்வெளி வீரனுக்கு வந்த கோடி

பாம்பனில் அப்போது ஓர் உயிரின் விலை ஒரு ரூபாய். சில்லறையாகக் கிடையாது, மூன்றாகத்தான் வாங்க வேண்டும். அகமது கபீரின் வீடியோ கேம் கடையில் நாலு டிவி. மூன்று ரூபாய் கொடுத்தால் திரையில் ஒரு விண்வெளி வீரன் இறங்குவான், வேற்றுக்கிரகத்து நண்டுகளைச் சுடுவான், மூன்று தடவை சாவான். வாடிக்கையாளர் மறுபடி பாக்கெட்டுக்குள் கையை விடுவார். இவ்வளவு சுத்தமான வியாபாரத்தைக் கபீர் வேறெங்கும் பார்த்ததில்லை.

2002-ல் ஒருநாள், உள்ளூர் கேபிள் சேனல் நடத்திய நாகலெட்சுமியிடம் போய், இந்த விளையாட்டைத் தொடராக எடுக்கலாம் என்றான்.

"எட்டு வாரம் அக்கா. எழுதுறது, எடுக்குறது எல்லாம் நான். கேமரா மட்டும் குடுங்க."

"ஓடலேன்னா?"

"ஓடும்."

"எனக்கு போட் எஞ்சின் வித்தவனும் இதைத்தான் சொன்னான். ஓடலேன்னா?"

கபீர் ஒரு நொடி யோசித்தான். பேரத்தில் யோசிப்பதைப் போல நஷ்டமான காரியம் வேறில்லை. "என் நாலு டிவியையும் எடுத்துக்கங்க" என்று வாயை விட்டுவிட்டான். கடை என்பதே அந்த நாலு டிவிதான்.

கதாநாயகன், ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த சோணைமுத்து. ஆறடி ஆள். முகத்தில் பயம் தெரியாது. வேறெதுவும் தெரியாது என்பது படம் எடுத்த பிறகு தெரிந்தது. மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டியில் தலைக்கு ஓர் ஓட்டை போட்டு வெள்ளித்தாள் ஒட்டியதில் கவசம் தயார். கவிழ்த்துப் போட்ட வள்ளம்தான் விண்கலம்.

விளையாட்டில் உள்ளபடியே, முதல் வார முடிவில் வீரன் முதல் உயிரை விட்டான். விளையாட்டில் அந்த இடத்தில் வீரனின் முகம் தோன்றி மறையும். கபீர் அதையும் விடவில்லை. சோணைமுத்துவின் கல்யாண போட்டோவைச் சுற்றி மாலை வரைந்து, "சோணைமுத்து. ஓர் உயிர் பிரிந்தது" என்று எழுதிக் காட்டினான். அதே சேனலில் அதே நேரத்துக்குத்தான் தினமும் கண்ணீர் அஞ்சலி விளம்பரங்கள் வரும். அது அவன் புத்திக்கு எட்டவில்லை.

கருவாடு வாங்க வந்து லாட்ஜில் தங்கியிருந்த கமுதிக்காரர் ஒருவர் அதைப் பார்த்தார். சோணைமுத்துவின் மனைவி இராமலட்சுமிக்குக் கமுதிதான் பிறந்த ஊர். கமுதிக்காரர் எஸ்டிடி பூத்துக்கு ஓடினார்.

மறுநாள் காலை சோணைமுத்து வாசலில் கவசத்தோடு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். கபீர் அவன் முதுகில் வெள்ளித்தாள் ஒட்டிக்கொண்டிருந்தான். ஒரு வேன் வந்து நின்றது. முதலில் ஒப்பாரி இறங்கியது, பின்னாலேயே பன்னிரண்டு பெண்கள் இறங்கினார்கள். கடைசியாக இராமலட்சுமியின் அண்ணன் தவசி, பிணத்துக்குப் போர்த்தும் கோடி வேட்டியைத் தாம்பாளத்தில் ஏந்தி வந்தார்.

"வாங்க மச்சான்" என்றான் சோணைமுத்து.

"மாப்ள, நீங்க சாகலையா?" தவசியின் குரலில் இருந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று பிரிக்க முடியவில்லை.

"நேத்துச் செத்தேன் மச்சான். இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு."

இராமலட்சுமி கரண்டியோடு வெளியே வந்தாள். "ஏண்ணே, ஒரு போன் போட்டுக் கேக்கக் கூடாதா?"

"எழவு உண்டா இல்லையான்னு எவன்டி போன் போட்டுக் கேப்பான்? மிளகாப்பழத்தைக் களத்துல போட்டுட்டு வந்திருக்கேன். வேன் வாடகை தொள்ளாயிரம். அதுகூடப் போகுது. இந்தக் கோடியை என்ன செய்ய? எடுத்துட்டு வந்த கோடி வீட்டுக்குத் திரும்பக் கூடாது. யார் மேலயாவது போர்த்தியாகணும்."

எல்லாரும் கபீரைப் பார்த்தார்கள்.

அதற்குள் சேதி கேட்டு நாகலெட்சுமி டிவிஎஸ் ஐம்பதில் வந்துவிட்டாள். பின்னாலேயே ஒரு காலி தட்டுவண்டியும் வந்தது. "தொடரை நிறுத்து. டிவியெல்லாம் ஏத்து."

தட்டுவண்டியைப் பார்த்ததும் கபீருக்கு மூளை வேலை செய்தது. "மச்சான், கோடி போர்த்தணும், அவ்வளவுதானே? சோணைமுத்து வள்ளத்துப் பக்கத்துல படுப்பான். போர்த்துங்க, அழுங்க. நான் படம் எடுக்குறேன். முடிஞ்சதும் ரெண்டாவது உயிரோட எந்திரிப்பான். கோடியும் கழிஞ்சுது, ஆளும் மிச்சம்."

"வேன் வாடகை?"

"பாதி."

"முழுசு. மதியத்துக்கு மீன் சோறு. பன்னெண்டு பொம்பளையாளு அழுகை இங்கன வேற எங்க கிடைக்கும்?"

முழுசும் மீன் சோறும் என்று படிந்தது.

இரண்டாம் வாரத்தைப் பார்த்துவிட்டு ஊரே அழுதது. முந்தைய வாரம் நண்டுகளைப் பார்த்து ஒரு பிள்ளைகூடப் பயப்படவில்லை. விளம்பரம் கொடுத்த மசாலாக் கம்பெனிக்காரர் தொகையை இரட்டிப்பாக்கினார்.

"அடுத்த வாரமும் சாகட்டும்" என்றாள் நாகலெட்சுமி. "வாராவாரம் சாகட்டும்."

"அக்கா, விளையாட்டுல உயிர் மொத்தமே மூணுதான்."

"உன் டிவி நாலு."

கபீர் விளையாட்டு விதியை மாற்றினான். நாலாம் வாரம் நண்டுகளுக்கு வேலை போனது. ஐந்தாம் வாரம் வேற்றுக்கிரகத் தலைவன், விண்கலத்தில் பங்கு கேட்டு வந்த சோணைமுத்துவின் சித்தப்பா மகன் ஆனான். கடை வாடிக்கையாளர்கள், "பாய், இதெல்லாம் எந்த லெவல்ல வருது?" என்று கேட்டார்கள். "பத்தாவதுல" என்றான் கபீர். பாம்பனில் ஆறாவது லெவலைத் தாண்டியவர் கிடையாது.

தவசி ஒரு வாரமும் தவறவில்லை. முதல் வேட்டியையே திரும்பப் போர்த்தலாம் என்று கபீர் சொன்னதற்கு, "எங்க குடும்பத்தை என்னன்னு நெனச்ச?" என்று சண்டைக்கு வந்தார். வாரம் ஒரு புது வேட்டி வந்தது. சோணைமுத்து அதையெல்லாம் வேலைக்குக் கட்டிக்கொண்டு போனான்.

எட்டாம் வாரம் முடிந்து எல்லாரும் கணக்குப் பார்க்க உட்கார்ந்தார்கள். தவசி தொண்டையைச் செருமினார்.

"மாப்ள நெசமாவே போறப்ப எங்க வீட்டுக் கோடி வராது. எல்லாம் முன்கூட்டியே குடுத்தாச்சு."

"இதென்ன பேச்சுண்ணே?" என்று இராமலட்சுமி எகிறினாள்.

"கூடுதலாவே குடுத்திருக்கேன்."

ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. குரல் உயர்ந்தது, இரண்டு தடவை தவசி எழுந்து வேன்வரை போனார், இரண்டு தடவை காபி வந்தது. கடைசியில் எல்லாருக்கும் சம்மதமான கணக்கை நாகலெட்சுமி நோட்டில் எழுதி, உரக்க வாசித்தாள்:

டிவி நாலு, கபீருக்கே. வேன் ஏழு நடை, தீர்ந்தது. தவசி வகையில் வந்த கோடி ஏழு. முறைப்படி சோணைமுத்துவுக்குச் சேர வேண்டியது ஒன்று. கமுதி வீட்டுச் சாவுகளுக்குச் சோணைமுத்து எடுத்துப்போக வேண்டிய கோடி, பாக்கி ஆறு.